மாப்பிள்ளையும் பத்து நத்தைகளும்

பவளப் பைத்தியம் எங்கள் வீட்டுக்கு என் அக்கா வீட்டிலிருந்துதான் தொற்றியது. அம்மைகூட ஒருமுறை அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. ஆனால் அது பத்து நாளில் இறங்கிவிட்டது.

அக்கா வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் சகலைகள். உலகத்தில் எத்தனையோ உறவு இருக்கிறது. ஒருவர் வாங்கியதை இன்னொருவர் ஒரு சாண் பெரிதாக வாங்கியே தீரவேண்டும் என்ற சட்டம் இந்த ஒரு உறவுக்கு மட்டும்தான். அத்தான் காற்று சுத்தம் செய்யும் மெஷின் வாங்கினார். எங்கள் வீட்டில் இரண்டு வந்து நின்றன. இவர் முழங்கால் வலிக்கு ஒரு பெல்ட் வாங்கினார். அடுத்த வாரமே அத்தான் முதுகு, முழங்கால், கழுத்து என்று மூன்று பெல்ட் போட்டுக்கொண்டு விறைப்பாக வந்து நின்றார்.

ஒருநாள் அக்கா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனால் பட்டப்பகலில் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன். உள்ளே போனபிறகு தெரிந்தது: கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் நீல வெளிச்சம், வெளிச்சத்துக்கு அடியில் பவளங்கள். பச்சையும் ஊதாவுமாக விரல் விரலாக நீட்டிக்கொண்டு ஆடின. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அக்காவின் முகம் நீலம், தட்டில் போட்ட சாப்பாடு நீலம், நான் சாப்பிட்டது என்னவென்றே கடைசிவரை தெரியவில்லை.

"கிட்டப் போகாதீங்க சகலை. உங்க கையில சோப்பு இருக்கும்" என்றார் அத்தான்.

"எங்க வீட்லயும் கடல் தண்ணித் தொட்டி இருக்கே, சகலை. நாலு வருஷமா" என்றார் இவர்.

"இருக்கு, இருக்கு. ஆனா அது மீன் தொட்டி. மீன் யார் வேணும்னாலும் வளக்கலாம்."

பத்து நத்தைகளைக் கொன்றது இந்த வாக்கியம்தான் என்று மூன்று வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைகளிலும் ஆலைகளிலும் இருக்கிற எடை மெஷின்களைச் சோதித்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்த வேலையை அவர் ஆபீசிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. எங்கள் சமையல்கட்டுத் தராசில் ஸ்டிக்கர் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது. ஒருநாள் தூங்கி எழுந்தபோது என் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

தொட்டிக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, சூடு, உப்பு, மாற்றிய தண்ணீர், சேர்த்த பொருள் என்று கட்டம் கட்டமாக நாலு வருஷத்துக் கதை அதில் இருக்கிறது. அவரைத் தவிர யாரும் அதில் எழுதக்கூடாது. அவரைத் தவிர யாரும் தொட்டியில் எதையும் போடக்கூடாது, சாப்பாட்டைத் தவிர. சாப்பாடு போடுவது என் வேலை. அளவு எடுக்கிற பெரிய வேலைகளுக்கு நடுவே அதற்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது?

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு மீன். கிளாத்தி என்று சொல்வார்கள். கையகலம், மஞ்சளும் கறுப்பும் கலந்த உடம்பு, தனித்தனியாகச் சுழல்கிற இரண்டு கண், அப்புறம் அந்தப் பல். நான் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிற லேபில் வேலை பார்க்கிறேன். பதினாறு வருஷமாக எத்தனையோ வாய்களின் அச்சைக் கையில் பிடித்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கான முன்பல்லை மனுஷ ஜாதியில் பார்த்ததில்லை. அந்தப் பல்லால் அது நண்டு ஓட்டை உடைக்கும், கல்லைத் தூக்கிப் போடும், என் சுண்டுவிரலை ஒருமுறை கடித்திருக்கிறது. சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதமானால் மேலே வந்து நம் மூஞ்சியில் தண்ணீரைத் துப்பும். விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் குணம் அத்தனையும் இருந்ததால் நான் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்தேன்.

எனக்கு அந்த மீனைப் பிடிக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் நான் கதவைத் திறந்தால் தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கும். அந்த வீட்டில் என்னைப் பார்த்து ஓடிவருகிற ஜீவன் அது ஒன்றுதான். இவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார்.

அக்கா வீட்டிலிருந்து திரும்பிய மறுநாளே இவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, 'பவளத் தொட்டி – மாற்றுத் திட்டம்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் போட்டார். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையெல்லாம் அவரிடம் எடுபடாது. சூடு எத்தனை டிகிரி என்றுதான் கேட்பார். புது விளக்கு வந்தது. அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளுகிற மெஷின் வந்தது. அலை அடிக்க இரண்டு மோட்டார் வந்தன. பவளத்துக்கு எந்தத் தண்ணீர், எத்தனை வெளிச்சம், எத்தனை சுண்ணாம்பு என்று படித்துப் படித்துக் கண் வீங்கியது.

பிறகு ஒரு சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தார்.

"கிளாத்தி இருக்கிற தொட்டியில பவளம் வெக்க முடியாது."

"ஏன்?"

"கடிச்சு வெச்சிடும். நத்த, இறால், எதையும் விடாது. பவளத் தொட்டிக்கு மொதல்ல நத்ததான் வரணும், பாசிய மேயறதுக்கு."

"அப்ப மாப்பிள்ளை?"

"தொட்டிக் கடைக்காரர்ட்ட பேசிட்டேன். ஒரு ஓட்டல்காரர் கேட்டிருக்காராம். முன்வாசல்ல பெரிய தொட்டி கட்டறாங்க. மூணு வாரத்துல ரெடியாயிடும், வந்து எடுத்துட்டுப் போவாரு."

அந்த ஓட்டலுக்கு நான் போயிருக்கிறேன். வாசலில் வருகிறவன் போகிறவனெல்லாம் மேஜை கிடைக்கிறவரை பொழுது போகாமல் நிற்கிற இடம் அது. கண்ணாடியைக் கண்டால் மோதிரத்தால் தட்டாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. "மாப்பிள்ளைய வீட்ட விட்டு அனுப்புறதெல்லாம் எந்த ஊர் நியாயங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நானும் உள்ளே சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மாப்பிள்ளை ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியோடும் ஒரு சின்ன மோட்டாரோடும் இரண்டாவது குளியலறைக்குக் குடிபோனார். ஆகாத சம்பந்தியைக்கூட யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். நான் பல் தேய்க்கப் போனால் மேலே வந்து துப்பும். நானும் துப்புவேன். எங்கள் பேச்சுவார்த்தை அப்படித்தான் நடந்தது.

பெரிய தொட்டிக்குப் பத்து நத்தைகள் வந்தன. இவர் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, நோட்டில் நத்தை 1, நத்தை 2 என்று பத்துவரை எழுதி, ஒவ்வொன்றாக இறக்கினார். தண்ணீரில் ஒன்பது விதமான சோதனை செய்தார். ஒன்பதும் சரி. தொட்டிக் கண்ணாடியின் மூலையில் 'சரிபார்க்கப்பட்டது' ஸ்டிக்கர் ஏறியது.

இரண்டாம் நாள் நாலு நத்தைகள் மல்லாந்து கிடந்தன.

நாலையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறவர் மாதிரி கடைக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் கொதித்துக்கொண்டு வந்தார்.

"என்னக் கேக்கறான், காப்பர் மருந்து ஏதாவது ஊத்துனீங்களா சார்னு! காப்பர் ஊத்துனா கல்லும் மண்ணும் அத உறிஞ்சி வெச்சுக்குமாம், வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா விடுமாம், நத்த பவளம் எதுவும் தங்காதாம். என் நோட்டக் காட்டுனேன். நாலு வருஷத்துல ஒரு சொட்டு காப்பர் போனதில்ல. எங்கிட்டயா?"

"காப்பர் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தா என்னங்க?" என்றேன். என் குரல் எனக்கே ஒட்டவில்லை.

"போடாதத எதுக்கு டெஸ்ட் பண்ணணும்?"

நான் சமையல்கட்டுக்குப் போனேன். மேல் அலமாரியில் பழைய டப்பாக்களுக்குப் பின்னால் கைவிட்டேன். நீல பாட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் ஆபீஸ் பயிற்சி என்று பதினோரு நாள் வெளியூர் போனார். மூன்றாம் நாள் மாப்பிள்ளை உடம்பெல்லாம் உப்புத் தூவினமாதிரி வெள்ளைப் புள்ளி. மூலையில் ஒண்டிக்கொண்டு மூச்சு வாங்கியது. சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் போட்டேன். "நான் வந்து டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன். அதுவரைக்கும் எதையும் ஊத்தாத" என்றார். அவர் வருகிறவரை அது தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. கடைக்கு ஓடினேன். "மீன் மட்டும்தான இருக்கு? அப்ப தொட்டியிலயே ஊத்துங்க மேடம்" என்று கடைக்காரர் இந்த பாட்டிலைக் கொடுத்தார். ஊற்றினேன். ஐந்தாம் நாள் புள்ளி உதிர்ந்தது. ஏழாம் நாள் என் மூஞ்சியில் துப்பியது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இவர் வந்தார், பார்த்தார், எட்டு சோதனை செய்தார். நோட்டில் எழுதினார்: 'சிறந்த தண்ணீர்த் தரத்தால் நோய் தானாகவே குணமானது.' அதை அத்தானிடம் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். மீன் பிழைத்துவிட்டது, பெருமையை அவர் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். நத்தை, இறால், நண்டு, பவளம் உள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. கூடத்தில் இன்னும் ஆறு நத்தைகள் உயிரோடு கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. குளியலறையில் மோட்டார் சத்தம் கேட்டது. சொன்னால் என்ன நடக்கும்? பழைய கல்லையும் மண்ணையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவார், பவளம் செழிக்கும், மாப்பிள்ளை ஓட்டலுக்குப் போகும். சொல்லாவிட்டால் பவளம் தங்காது. இவருக்கு அலுத்துப்போகும். மாப்பிள்ளை திரும்பி வரும்.

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நான் ஒரு தொட்டியை மட்டும்தான் கெடுத்தேன்.

மிச்ச ஆறும் அந்த வாரமே போயின. அடுத்து இரண்டு இறால் வந்தது, ஒருநாள் இருந்தது. இவர் காரணம் தேடினார். நான் வதக்குகிற புகை என்றார். மேல்வீட்டுக்காரர் சுவரில் துளை போடுகிற அதிர்வு என்றார். நான் தலைக்குப் போடுகிற எண்ணெய்மேல் மூன்று நாள் சந்தேகம் இருந்தது. கிணறு வெட்டப் பூதம் வந்தால்கூட அந்தப் பூதத்தின் உப்பு அளவைத்தான் பார்ப்பார், அதன் பெயரைக் கேட்கமாட்டார்.

பவளம் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புதிதாக வளர்க்கிறவர்களுக்குச் சாகாத ரகம் என்று நாலு சின்னத் துண்டுகளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். இவர் விளக்குப் பக்கம் போனதும் கடைக்காரர் என் முகத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"மேடம், ரெண்டு வருஷம் முன்னாடி அந்த நீல பாட்டில்…"

"ஆமா."

"சார்கிட்ட சொல்லலையா?"

"நீங்க சொல்லப்போறீங்களா?"

அவர் நாலு பவளத்தையும் பார்த்தார். இவர் கையிலிருந்த மூன்றாவது மோட்டாரையும் பார்த்தார். "குடும்ப விஷயத்துல நான் தலையிட மாட்டேன் மேடம்" என்று பை போட்டுக் கட்டினார். எனக்கு அவர்மேல் அருவருப்பாக இருந்தது. அடுத்த நொடியே கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது.

நாலு பவளங்களும் தொட்டிக்குள் போனதும் கையை மூடினமாதிரி மூடிக்கொண்டன. திறக்கவேயில்லை. இவர் காலையில் ஒரு நாற்காலி போட்டுத் தொட்டிமுன் உட்கார்ந்து, "திற… கொஞ்சம் திற…" என்று முணுமுணுப்பார். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. முதல் இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் அவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது வரவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவும் அத்தானும் தொட்டி பார்க்க வந்தார்கள். அதே ஞாயிறு நாலு மணிக்கு ஓட்டல்காரர் வாளியோடு வருவதாக ஏற்பாடு. இவர் திரையை இழுத்து மூடி நீல விளக்கைப் போட்டார். மூன்று துண்டுகள் இன்னும் மூடியே கிடந்தன. நாலாவது துண்டு கரைந்து வெறும் கல்லாகியிருந்தது.

"என்ன சகலை, எல்லாம் தூங்குதா?" என்றார் அத்தான். குரலில் சர்க்கரைப் பாகு சொட்டியது.

"புது எடம். பழகிட்டிருக்கு."

"பரவால்ல. உங்களுக்காக என் தொட்டியிலேர்ந்தே ஒண்ணு வெட்டிக் கொண்டுவந்திருக்கேன்." பையில் ஊதா நிறத்தில் ஒரு துண்டு மிதந்தது. "ஆனா இத எறக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். காப்பர் பாத்தீங்களா?"

இவர் நோட்டைக் கொண்டுவந்து அத்தான் மடியில் வைத்தார். "நீங்களே பாருங்க. முதல் நாள்லேர்ந்து இருக்கு."

அத்தான் நோட்டைத் திறக்கவேயில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியையும் சோதனைத் திரவத்தையும் எடுத்தார். வரும்போதே தயாராக வந்திருந்தார் மனிதர். தண்ணீர் மொண்டு, சொட்டு விட்டுக் குலுக்கினார். அக்கா போய்த் திரையை விலக்கினாள். வெயிலில் குப்பி இளநீலமாக நின்றது.

"இது காப்பர் சகலை. அப்ப தண்ணி பொய் சொல்லுதா, உங்க நோட்டு பொய் சொல்லுதா?" அத்தான் ஸ்டிக்கரை விரலால் தொட்டுக் காட்டினார். "சரிபார்க்கப்பட்டதுன்னு வேற போட்டிருக்கு."

"என்னங்க, விடுங்க" என்றாள் அக்கா. ஆனால் அவளும் சிரித்தாள்.

இவர் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் எடை சரி, அளவு சரி என்று கையெழுத்துப் போடுகிற கை, நோட்டை அத்தான் மடியிலிருந்து எடுத்துக்கொண்டது. சகலைமுன் தோற்றுப்போன முகத்தை நான் முன்னே பார்த்திருக்கிறேன், அது எனக்குப் பிடித்த வேடிக்கை. இது அந்த முகமில்லை. தன் கையெழுத்தையே நம்ப முடியாமல்போன முகம்.

"நான்தான் ஊத்துனேன்" என்றேன்.

சமையல்கட்டிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, பயிற்சிக்கு அவர் போனது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப தானா குணமாகலையா சகலை! ஒரு வருஷம் என் காதக் கடிச்சீங்களே!" சிரித்து முடித்ததும் தன் ஊதாத் துண்டைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார். அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஓட்டல்காரர் வாளியோடு படியேறி வந்தார்.

இவர் வாசலுக்குப் போனார். "மன்னிச்சுக்கங்க, மீன் குடுக்கறதுக்கில்ல" என்றார். "எங்க தொட்டியில உயிரோட இருக்கக்கூடியது அது ஒண்ணுதான்."

எனக்குள் ஏதோ துள்ளியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எல்லாரும் போனதும் அவர் வந்து நோட்டைத் திறந்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் 'தானாகவே குணமானது' என்பதை அளவுகோல் வைத்து ஒரே கோடாக அடித்தார்.

"எத்தன சொட்டு?"

"காலையில இருபது, சாயங்காலம் இருபது. எட்டு நாள்."

எழுதிக்கொண்டார். கோபத்தையே காணோம். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

"காப்பர் நத்தைக்கு ஆகாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான், அத்தான் சொன்னபோதுதான் என்றிருந்தால் முடிந்திருக்கும்.

"நாலு செத்தப்ப. நீங்க கடையிலேர்ந்து வந்தப்ப. அப்ப ஆறு உயிரோட இருந்துச்சு."

அவர் நோட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். நாலு வருஷத்தில் அந்த நோட்டு என் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. பதினாறு வரிகள். நத்தை பத்து, இறால் இரண்டு, பவளம் நாலு. பவளம் மூன்று இன்னும் முழுசாகச் சாகவில்லை, ஆனால் அவர் எழுதிவிட்டிருந்தார். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'காரணம்'. பதினாறுமே காலியாக இருந்தன.

"நீ எழுது" என்று பேனாவைக் கொடுத்தார்.

முதல் நாலு வரியில் 'காப்பர்' என்று எழுதினேன். ஐந்தாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது. நத்தை ஐந்து. இரண்டு கிராம் எடை என்று பக்கத்திலேயே எழுதியிருந்தார். மூன்று வாரமாக அவருடைய பெருமையைத்தான் நான் கேலி செய்துகொண்டிருந்தேன். பெருமைக்கு ஒரு நத்தையைக்கூடக் கொல்லத் தெரியாது, அது முட்டாள்தனமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். நான் 'நான்' என்று எழுதினேன். ஆறிலும் அதையே எழுதினேன். பதினாறுவரை அதையே எழுதினேன்.

அவர் படித்தார். கீழே கையெழுத்துப் போடவில்லை. எழுந்துபோய்த் தொட்டி மூலையிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

மூடிக்கிடந்த மூன்று பவளங்களையும் ஒரு வாளிக்கு மாற்றினோம், அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பார்க்கலாம் என்று. பிறகு நான் குளியலறையிலிருந்து மாப்பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கினேன். அது தன் பழைய கல்லை ஒருமுறை சுற்றியது. மண்ணில் எடுக்காமல் விட்டுப்போன ஒரு நத்தை ஓடு கிடந்தது. அதைக் கவ்வி, அந்த அழகான பல்லால் நொறுக்கியது. கண்ணாடிக்கு வெளியே நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தூளைத் துப்பிவிட்டு, நேராக என்னிடம் வந்து சாப்பாட்டுக்கு நின்றது.